படித்த நாவல்களைக் குறித்துவைப்பதும் அவற்றைப் பற்றிப் பேசுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தாம். நோட்டுப் போடலாமா, எந்த ஆப் நல்லது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பது, எழுத்தாளர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். நாவல் வாசகர்களை மட்டும் மனதில் வைத்து எழுதியது இது. கவிதை படிப்பவர்கள், ஆராய்ச்சிக்காகப் படிப்பவர்கள் ஆகியோரின் தேவைகள் வேறு.

படித்ததை எதற்கு எழுதிவைக்க வேண்டும்? நல்ல நாவல் தானாகவே நினைவில் நிற்காதா?

நிற்கும். ஆனால் அதில் எது நிற்கும் என்பது நம் கையில் இல்லை. சில வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு காட்சி, ஒரு கதாபாத்திரத்தின் பேர், எங்கோ பெய்த மழை, இவ்வளவுதான் மிஞ்சியிருக்கும். கதை எப்படி முடிந்தது என்பதுகூட மறந்துபோகும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. நமக்கே தோன்றியது எது, பிறகு விமர்சனத்தில் படித்தது எது, டீக்கடையில் நண்பர் சொன்னது எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். முடித்த அன்றைக்கே எழுதிய நான்கு வரி இருந்தால், அது யாரிடமும் கடன் வாங்காத கருத்து என்று துணிந்து சொல்லலாம். குறிப்பேடு வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான். எத்தனை படித்தோம் என்கிற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது புதுப் பழக்கமும் அல்ல. சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டியவை, படித்து முடித்தவை என்று நோட்டுகளில் பட்டியல் எழுதிவந்தார். லாகூர் சிறையில் 1929இல் பகத்சிங் கைக்கு வந்த நோட்டு, படித்த நூல்களிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகளால் நிரம்பியிருக்கிறது.

என்னென்ன எழுத வேண்டும்?

தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி, நூல் எப்படிக் கைக்கு வந்தது, பிறகு நான்கு வரி. இவ்வளவு போதும். இதற்கு மேல் கட்டம் போட்டு ஆரம்பித்த பலருடைய நோட்டு பொங்கலுக்குத் தொடங்கி மாசி மாதமே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

'எப்படிக் கைக்கு வந்தது' என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கிளை நூலகத்தில் எடுத்தது, ஜனவரிப் புத்தகக் காட்சியில் வாங்கியது, அத்தை வீட்டுப் பரணில் கிடந்தது, தோழி கட்டாயப்படுத்திக் கொடுத்தது என்று ஒரு வரி போதும். யார் பரிந்துரைத்த நாவல்கள் நமக்குப் பிடிக்கின்றன, யார் சொன்னால் ஒத்துவருவதில்லை என்பது சில வருடங்களில் அந்தக் கட்டத்திலிருந்தே தெரிந்துவிடும். அடுத்து என்ன படிப்பது என்று தீர்மானிக்க எந்த ஆப்பின் பரிந்துரையையும்விட இது உதவும்.

சில நாவல்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு விஷயம் சேர்க்கலாம். மூன்று தலைமுறைக் கதை என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வம்சப் படம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருக்கும் குடும்பத்தில் நூறாவது பக்கத்துக்கு மேல் இது இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. வட்டார நாவல் என்றால் புரியாத சொற்களை எழுதிவைத்து, முதலில் அவை வரும் இடத்தை வைத்து நீங்களே பொருள் ஊகியுங்கள். பிறகு சரிபார்க்க நல்ல அகராதிகள் இருக்கின்றன. கரிசல் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்தது, கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்தது. இரண்டையும் தொகுத்தவர்கள் நாவலாசிரியர்கள் என்பதால் சும்மா புரட்டிப் படிக்கவே சுவையாக இருக்கும்.

எந்தப் பதிப்பு, எந்த வருடம் என்பதெல்லாம் அவசியமா?

வேறு எந்த வகை நூலைவிடவும் தமிழ் நாவலுக்கு அவசியம். காரணம், நம் நாவல்களில் பெரும் பகுதி முதலில் தொடர்கதையாக வந்தவை. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல் விவேக சிந்தாமணி இதழில் தொடங்கி, நூலாக வந்தது 1896இல். பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை ஓடியது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்பது, நாலு அத்தியாயத்துக்கு ஒருமுறை பழைய செய்தியை நினைவூட்டுவது எல்லாம் அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகருக்காகச் செய்தவை. ஒரே மூச்சில் படித்துவிட்டு 'சொன்னதையே சொல்கிறார்' என்று எழுதுவதற்கு முன்னால் இந்த வருடக் கணக்கு கண்ணில் பட்டால் நல்லது. குறை சொல்லக் கூடாது என்பதல்ல. எதற்காக அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்லலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஒன்றின் பக்க எண் மற்றொன்றோடு ஒத்துப்போகாது. இப்படிப்பட்ட நூல்களுக்குப் பக்கம் எழுதாமல் பாகமும் அத்தியாய எண்ணும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் வார இதழிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்த பழைய தொகுப்பு இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்: 'தாத்தா பைண்டு செய்தது, நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை.' அதுவும் ஒரு பதிப்புதான். ஓவியங்களோடும் அந்தக் காலத்து விளம்பரங்களோடும் படிப்பது வேறு அனுபவம்.

நோட்டா, எக்ஸெலா, ஆப்பா?

கையால் எழுதப் பிடிக்கும் என்றால் நோட்டு. தேடி எடுக்க வேண்டும் என்றால் எக்ஸெல் மாதிரியான அட்டவணை. மற்றவர்கள் என்ன படிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்றால் ஆப். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

ஆப் என்றால் பெரும்பாலோர் போவது குட்ரீட்ஸுக்கு. 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2013இல் அமேசான் வாங்கியது. லைப்ரரிதிங் அதற்கும் முந்தியது, 2005. ஸ்டோரிகிராஃப் பிறகு வந்தது. அரை, கால் நட்சத்திரம் கொடுக்கலாம். குட்ரீட்ஸ் கணக்கில் உள்ளதை அதற்குள் அப்படியே கொண்டுவரவும் முடியும்.

தமிழ் நூல்களுக்கு இவற்றில் வரும் தொல்லை ஒன்றுதான், ஆனால் பெரியது. ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் கிடக்கும். பழைய பதிப்புகள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான அடையாள எண்) கிடையாது என்பதால் எண்ணைப் போட்டுத் தேடவும் வழியில்லை. (இருந்தால், இந்தியாவில் வெளியான நூலுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். 2007க்கு முந்தியது என்றால் பத்து இலக்கம்தான் இருக்கும்.) இருக்கும் பதிவுகளில் அதிகம் பேர் சேர்த்திருப்பதில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். அவசரப்பட்டு நான்காவதாக ஒன்றை உருவாக்காதீர்கள்.

எந்த ஆப்பாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பட்டியலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்ஃபாரி என்று இதே மாதிரி ஒரு சேவை இருந்தது. அதை அமேசான் 2008இல் வாங்கி 2016இல் மூடியது. இறக்கிய சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. தரவை உள்ளே கொண்டுவரும் வழியில் போய் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் இந்த வேலையும் பெரும்பாலும் மிச்சம்.

ஆசிரியர் பெயர்களை எந்த வரிசையில் வைப்பது?

ஆப்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அடுக்கும். நமக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. தி. ஜானகிராமனைத் 'தி'யில் வைப்பதா 'ஜா'வில் வைப்பதா என்றால் நான் 'ஜா' என்பேன். முன்னெழுத்தைக் கடைசியில் போட்டுவிடலாம். புனைபெயர் என்றால் எந்தப் பெயரில் நூல் வந்ததோ அதுவே இருக்கட்டும். அசோகமித்திரனைத் தியாகராஜன் என்றோ சுஜாதாவை ரங்கராஜன் என்றோ போட்டுவைத்தால் நாளைக்கு உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

கணினியில் அடுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு வரிசையில் 'ஜ' என்பது 'ச'வுக்கு அடுத்து வந்துவிடும். அகராதி வரிசைக்குப் பழகியவர்கள் கிரந்த எழுத்துகளைக் கடைசியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து பாக நாவலை ஒன்றாக எண்ணுவதா, ஐந்தாகவா?

உங்கள் இஷ்டம். இந்தக் கேள்வி எழுவதே வருட இலக்கு வைப்பதால்தான். இந்த வருடம் ஐம்பது நூல் என்று அறிவித்துவிட்டால் செப்டம்பர் மாதம் கை தானாக ஒல்லியான நூல்களை நோக்கிப் போகும். காவல் கோட்டம், அஞ்ஞாடி போல ஆயிரம் பக்கம் தாண்டியவை அலமாரியிலேயே இருந்துவிடும். குறுநாவல் மட்டம் என்று சொல்லவில்லை. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் சில ஒரே நாளில் முடிக்கக் கூடியவை. ஆனால் பக்க அளவைப் பார்த்து அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்துவிட்டால் இலக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம். கட்டாயம் ஏதாவது எண் வேண்டும் என்பவர்கள் நூல்களை விட்டுவிட்டுப் பக்கங்களை எண்ணட்டும்.

பாதியில் விட்டதையும் எழுத வேண்டுமா?

அவசியம். எந்த இடத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி. 'அறுபதாம் பக்கம், இன்னும் கல்யாணப் பேச்சே முடியவில்லை' என்பதே போதுமான காரணம். நாமே அப்போது அவசரத்தில் இருந்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். அதையும் எழுதுங்கள். பாதியில் விட்ட நாவலைப் பற்றிப் பொதுவில் பேசலாமா என்றால், விட்டதைச் சொல்லிவிட்டுப் பேசலாம். மறைத்துவிட்டுப் பேசுவது எப்படியும் வெளியே தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை படித்தால்?

புது வரி. பழைய கருத்தை அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். இருபது வயதில் ஒரு காதல் நாவலைப் பற்றி எழுதியதை நாற்பதில் பார்த்தால் சிரிப்பு வரும். வரட்டும், அழித்துவிட்டால் அந்த ஆளை வேறெங்கும் சந்திக்க முடியாது.

கிண்டிலில் படித்தது, காதால் கேட்டது எல்லாம் கணக்கில் சேருமா?

சேரும். ஒலிநூல் என்றால் வாசித்தவர் பெயரையும் எழுதுங்கள்; பாதி ரசனை அந்தக் குரலால் வந்ததாக இருக்கும்.

மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு என்ன?

மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாத பதிவு அரைகுறைப் பதிவு. மலையாள எழுத்தாளர் தகழியின் செம்மீனைத் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. வங்க எழுத்தாளர் தாராசங்கரின் ஆரோக்கிய நிகேதனத்தை நம்மிடம் சேர்த்தவர் த.நா. குமாரஸ்வாமி. பெயர்களைக் குறித்துவந்தால், ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்ந்தே பத்து நல்ல நாவல்களுக்குப் போய்ச் சேரலாம். நடை முட்டுகிறது என்று எழுதும்போது மூல ஆசிரியரைத் திட்டுகிறோமா, மொழிபெயர்த்தவரைத் திட்டுகிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

குட்ரீட்ஸில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அவர்களே விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு சுமார், மூன்று பிடித்தது, நான்கு ரொம்பப் பிடித்தது, ஐந்து அபாரம். அந்தக் கணக்கில் மூன்று என்பது பாராட்டு. நம்மவர்களோ பள்ளிக்கூட மதிப்பெண் பழக்கத்தில் ஐந்துக்கு மூன்றை அறுபது சதவீதம் என்று படிக்கிறார்கள். எழுத்தாளருக்கு வருத்தம், வாசகருக்குத் தர்மசங்கடம். அதனால்தான் 'பரவாயில்லை' ரக நாவலுக்கும் ஐந்து விழுகிறது. ஆக, நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், கூடவே ஒரு வரியாவது எழுதுங்கள். சொந்த நோட்டில் எனக்கு நட்சத்திரமே தேவைப்பட்டதில்லை. 'மறுபடி படிப்பேன்', 'யாருக்காவது கொடுப்பேன்', 'போதும்' என்ற மூன்று பிரிவு போதுமானதாக இருக்கிறது.

நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கமாகவே வருகிறது. என்ன செய்ய?

எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் வரும். கதையை மூன்று வாக்கியத்துக்கு மேல் சொல்வதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச இடத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் வரும்போது, நாவலை எங்கே கீழே வைக்க முடியாமல் போனது, எங்கே கொட்டாவி வந்தது, எந்தக் கதாபாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள். விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. கதையை யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு எது தெரியாது என்று கேட்டுப்பார்ப்பதும் நல்ல வழி. தஞ்சாவூர் அக்ரகாரமோ கரிசல் காடோ கடற்கரையோ, இடம் வெறும் பின்னணியாக நிற்கிறதா, இல்லை அந்த இடம் இல்லாவிட்டால் கதையே நடக்காதா என்றும் பாருங்கள்.

அளவுக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்றால் விமர்சகர் க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) 1957இல் கொண்டுவந்த 'படித்திருக்கிறீர்களா?' இருக்கிறது. ஒரு நூலுக்குச் சில பக்கம்தான். அலங்காரம் கிடையாது, 'படித்துப் பாருங்கள்' என்று கையில் கொடுக்கிற தொனி. அவருடைய தீர்ப்புகள் எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அவர் காலத்திலேயே சண்டை போட்டவர்கள் உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள்: 'நெஞ்சைத் தொட்டது', 'காலத்தால் அழியாதது', 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' ஆகிய மூன்றையும் எழுதாமல் எழுதிப் பாருங்கள்.

முடிவைச் சொல்லலாமா?

புது நாவல் என்றால் கூடாது. துப்பறியும் கதை என்றால் எப்போதுமே கூடாது. பல பத்தாண்டுகள் பழைய நாவலுக்கு, முடிவைப் பேசாமல் நாவலைப் பேசவே முடியாது என்ற நிலை வந்தால் மேலே ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டுப் பேசுங்கள். வாட்ஸப் குழுவில் மட்டும் எச்சரிக்கை உதவாது. அறிவிப்பில் முதல் வரி எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் முதல் செய்தியில் சாதாரணமாக எதையாவது எழுதிவிட்டு விஷயத்தை அடுத்ததில் போடுங்கள்.

பிடிக்காத நாவலைப் பற்றி எப்படி எழுதுவது? எழுத்தாளர் என் ஃபேஸ்புக் நட்பில் இருக்கிறார்.

தமிழில் இது எல்லாருக்கும் உள்ள பிரச்சினை. வெளியீட்டு விழாவில் கைகுலுக்கியவர், நம் பதிவுக்கு விருப்பக்குறி போடுகிறவர், அடுத்த வாரம் ஏதாவது கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர். அதனால் ஒன்று மௌனம், இல்லையென்றால் மிகைப் பாராட்டு.

எனக்குச் சரியென்று படுவது இது. எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. பேசாமல் இருப்பதும் நாகரிகம்தான். எழுதுவதென்றால் நாவலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஆசிரியரின் சாதி, கட்சி, முந்தைய சண்டை எதுவும் வேண்டாம். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதற்கு ஆதாரம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. 'நாவல் சரியில்லை' என்றால் ஆதாரம் தர வேண்டியது உங்கள் பொறுப்பு: எந்த அத்தியாயம், எந்த இடம் என்று காட்டுங்கள். தலைப்பில் அவரை டேக் செய்யாதீர்கள். தேடிப் படித்து அவராக வந்து கேட்டால் பதில் சொல்லலாம். முதல் நாவல் எழுதியவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, விருதெல்லாம் வாங்கியவருக்கு அது தேவையில்லை.

நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. ஒரு தபால் கார்டில் வாசகர் தன் அதிருப்தியைச் சொல்வார், எழுத்தாளர் பதில் போடுவார். மின்னஞ்சல் வந்த பிறகும் அந்த வழி அடைபட்டுவிடவில்லை.

பிடித்த அல்லது பிடிக்காத ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் பகிரலாமா?

சட்டப்படி, விமர்சனத்துக்காக நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நாலைந்து வரியை நூல் பெயர், ஆசிரியர் பெயரோடு தட்டச்சு செய்து போடுவதில் சிக்கலில்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் படம் பிடித்துப் போடுவது விமர்சனம் ஆகாது. முழு நூலின் பிடிஎஃபைக் குழுவில் தள்ளுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டத்தைவிட முக்கியமானது சூழல். பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வந்தது. நான்கு வருடம் கழித்து, நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் விநியோகிக்கப்பட்டன. முழு நாவலையும் படிக்காதவர்கள் அந்தப் பக்கங்களை வைத்தே தீர்மானித்தார்கள். போராட்டம், கடையடைப்பு எல்லாம் நடந்து, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது அந்தத் தீர்ப்பில் பலரும் நினைவுகூரும் கருத்து. நாவலில் ஒரு கதாபாத்திரம் சொல்வது ஆசிரியர் சொல்வதாகாது. ஆனால் பக்கத்தைத் தனியாகப் பிய்த்தெடுத்தால் அந்த வேறுபாடு போய்விடும். எனவே ஒரு பத்தியைப் பகிரும்போது யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்று ஒரு வரியாவது சேருங்கள்.

வாசகர் வட்டத்தில் பேசக் கூச்சமாக இருக்கிறது. எல்லாரும் பெரிய பெரிய ஆட்களாக இருக்கிறார்கள்.

நீங்கள் முடித்த அன்று எழுதிய நான்கு வரியைப் பார்த்து வாசியுங்கள். அதுவே போதும். பெரும்பாலான கூட்டங்களில் நாவலை முழுசாகப் படித்துவிட்டு வந்தவர்கள் குறைவு. பெரிய பெயர்களை அதிகம் உதிர்ப்பவர் அதைப் படிக்காமல் வந்தவராகவும் இருக்கலாம். ஒரு நாவலுக்கு ஒருவர் எத்தனை நிமிடம் என்று முதலிலேயே முடிவுசெய்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரே கூட்டத்தை எடுத்துக்கொள்வார். நடத்துபவர்களுக்கு ஒரு யோசனை: ஆண்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகு 'லேடீஸ் யாராவது பேசுறீங்களா' என்று கேட்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே பேசவையுங்கள். உங்கள் ஊர் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் பெயரளவில் இருக்க வாய்ப்பு உண்டு. நூலகரிடம் கேட்டால் அறையும் நாற்காலியும் கிடைக்கலாம்.

இரவல் கொடுத்த நாவல்களையும் இதே நோட்டில் எழுதலாமா?

தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நூல், வாங்கியவர், தேதி. கொடுக்கும்போதே அவர் கண்ணெதிரில் எழுத வேண்டும், அவர் கையாலேயே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. ஆறு மாதம் கழித்துக் கேட்பதில் தப்பே இல்லை. ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதியையும், இப்போது அச்சில் இல்லாத நூலையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 'வீட்டுக்கு வந்து படியுங்கள், காபி தருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.